குணசீலனின் உயரம்

குணசீலன் வளர ஆரம்பித்தது, சென்னையில் வேலை முடிந்து பென்ஷனோடு ஆனைவிளைக்குத் திரும்பி வந்த பதினோராம் நாள். ஐம்பத்தெட்டு வயசுக்கு மேல் ஒரு மனிதன் வளர்வானா என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வளர்ந்தால் நம்ம வாத்தியார்தான் வளருவார், வேறு எவன் வளருவான் என்றுதான் கேட்டார்கள். முதலில் கண்டுபிடித்தவர் டெய்லர் சூசை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அளவெடுத்துத் தைத்த பேன்ட் நாலே நாளில் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்க, அவர் தன் டேப்பின் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டு, அதைக் கடைத்தெருவில் இரண்டு துணிக்கடை டேப்புகளோடு ஒட்டிவைத்துப் பார்த்து, மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு வாத்தியாரைச் சுவரோரம் நிறுத்தி மறுபடியும் அளந்து, இரண்டேகால் இஞ்ச் கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, பேன்ட்டின் மடிப்பைப் பிரிக்க உட்கார்ந்தார்.

ஆனைவிளை வாலிபால் ஊர். வாலிபாலில் முதல் ஆள் பந்தை எடுப்பான், இரண்டாம் ஆள் அதை மேலே தூக்கிக் கொடுப்பான், மூன்றாம் ஆள் எம்பி அடிப்பான். அந்த இரண்டாம் ஆளுக்குச் செட்டர் என்று பெயர். யாருக்குத் தூக்குவது, எவ்வளவு உயரம், நெட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் அவன் பத்து விரல்களில் இருக்கிறது. குணசீலன் இந்த ஊர் கண்ட செட்டர்களில் பெரியவர், சென்னைக் கம்பெனி அணிக்குப் பதினாலு வருஷம் பந்து தூக்கியவர், ஊரில் ஒரு பிள்ளைக்கும் பாடம் சொல்லிக்கொடுக்காமலே வாத்தியார் என்று பெயர் வாங்கியவர்.

மைதானத்தின் மேற்கு ஓரத்தில் லிங்கதுரையின் டீக்கடை. ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று பெயின்டில் எழுதித் தொங்கவிட்டிருந்ததால் அங்கே வாலிபால் பேசுவதைத் தவிர மனுஷனுக்கு வேறு வழியில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பழைய ரசிகர்கள் கூடுவார்கள். ஏதாவது ஒரு பழைய மேட்சை எடுத்து, நீளப் பெஞ்சின் குறுக்கே பேப்பரை மடித்து நிறுத்தி அதை நெட் ஆக்கி, இரண்டு பக்கமும் காலி டீ கிளாஸ்களை ஆறாறாக வைத்து, சுண்டலில் ஒரு பட்டாணியைப் பந்தாக உருட்டி, பாயின்ட் பாயின்ட்டாக மறுபடியும் ஆடுவார்கள். பட்டாணி செட்டர் கிளாஸைத் தொட்டதும் நிறுத்தி, அந்தத் தூக்கு எப்படி என்று நூற்றுக்கு மார்க் போடுவார்கள். அதற்கப்புறம் அதை அடித்தது யார், எங்கே விழுந்தது என்று ஒருவரும் உருட்டிப் பார்ப்பதில்லை. எவனோ அடித்தான், பாயின்ட் வந்தது, அவ்வளவுதான். இது ஆனைவிளைக்காரர்கள் தப்பு என்று தெரியாமலே தலைமுறையாகச் செய்துவருகிற தப்பு.

“எழுவத்தஞ்சு மார்க்கா? அந்தத் தூக்குக்கா?” என்பார் ஓய்வுபெற்ற தபால்காரர் கொம்பையா. “நீரு அன்னைக்கு மேட்ச் பாத்தீரா, இல்ல மோர் குடிச்சிட்டு இருந்தீரா வே?”

“பின்ன என்ன, தொண்ணூறு போடச் சொல்லுதீரா?” என்பார் ரேஷன் கடை ஐகோர்ட்துரை. “பந்து ஒரு சாண் உள்ள வந்துட்டு. நான் நெட்டுக் கம்பத்துப் பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

“போட்டுக்கிடும். ஆனா விரலு அந்த மாதிரி இனி ஒருத்தனுக்கு வராது.”

இப்படி அவர்கள் பேசிவிட்டு எழுந்து போன மறுநாள் காலையில் வாத்தியார் அரை இஞ்சோ ஒரு இஞ்சோ கூடியிருப்பார். ஒரு மாதத்தில் இதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்ட பிறகு ஊர் சும்மா இருக்குமா? வாத்தியார் ஏழடியைத் தாண்டியபோது அவர் வீட்டு வாசல் நிலையை எடுத்துவிட்டு உயர நிலை வைத்தார்கள். எட்டடியில் லைன்மேன் வந்து தெருக் கம்பியை இழுத்துக் கட்டினார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஸ்டூலில் ஏறி நின்று நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, சத்துக் குறையாமல் இருக்கட்டும் என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் சீரியல் பல்பு கட்ட அவரைக் கூப்பிட்டார்கள், பெண்கள் முருங்கை மரத்தடியில் காத்திருந்து அவர் போகிற வழியில் காய் பறித்து வாங்கிக்கொண்டார்கள், அவர் மனைவி ரூபாவதி இரண்டு வேட்டிகளை அகலத்தில் சேர்த்துத் தைத்து ஒன்றாக்கினாள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் தாங்காமல் தங்கள் பழைய கபடி வீரர் ஒருவரை நடுவில் உட்கார வைத்து மூன்று மாதம் புகழ்ந்து பார்த்தார்கள். அவர் ஒரு நூல் கூட ஏறவில்லை. பாதிப் பேச்சில் அரசியலுக்குப் போய்விடுகிற ஊரில் எப்படி ஏறும் என்று ஆனைவிளையில் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் ஒருத்தி. லிங்கதுரையின் மனைவி தங்கபுஷ்பம், கடையில் வடை போடுகிறவள், கிளாஸ் கழுவுகிறவள். வாத்தியார் ஒரு இஞ்ச் ஏறினால் அவளுக்கு நெஞ்சில் ஒரு முழம் தீ ஏறியது.

அவளுக்கு அப்போது பதினேழு வயசு. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் பெரிய ஃபைனல். சென்னைக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனைவிளை அணியில் ஒரே ஒருவனை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்த ஒருவன் ஒன்று செட்டர் குணசீலன், இல்லையென்றால் அவன் தூக்குவதை அடிக்கிற லிங்கதுரை. கூட்டமெல்லாம் பந்தைப் பார்த்தது, எம்புகிற லிங்கதுரையைப் பார்த்தது. தங்கபுஷ்பம் மட்டும் குணசீலனின் விரல்களைப் பார்த்தாள். அந்த வயசில் அவளுக்கு அந்த விரல்களின் மேல் ஒரு கிறுக்கு; அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பின்னாளில் நினைத்து நினைத்துக் கூசியிருக்கிறாள். அதனால்தான் அவளால் பார்க்க முடிந்தது. ஐந்தாவது செட்டில் பதினாலுக்குப் பதினாலு என்று நின்றபோது குணசீலன் அந்த நாற்காலிகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு பந்தை, எப்போதும் தூக்குகிற இடத்தில் தூக்காமல், நெட்டோடு ஒட்டி விட்டான். விரல் நுனியில் கடைசியாக ஒரு தள்ளு. எம்பிவிட்ட லிங்கதுரையால் காற்றில் நிற்க முடியுமா? நெட்டில் மோதி, நடுக்கோட்டைத் தாண்டி, எதிராளியின் பாதத்தின் மேல் இறங்கினான். முட்டி உடைந்த சத்தம் கம்பத்தடியில் நின்ற அவளுக்குக் கேட்டது.

குணசீலன் சென்னைக்குப் போனான். லிங்கதுரைக்கு மடங்காத ஒரு காலும் ‘நெட்டுல விழுந்தவன்’ என்ற பட்டமும் மிச்சம். செட்டர் செய்கிற தப்பு எப்போதும் அடிக்கிறவன் தலையில்தான் விடியும். தங்கபுஷ்பம் வீட்டில் சண்டை போட்டு லிங்கதுரையைத்தான் கட்டுவேன் என்று கட்டினாள். அதில் பாதி அன்பு, பாதி அந்த விரல்களின் மேல் வந்த வெறுப்பு. வருஷங்கள் போக அன்பு தனியாக வளர்ந்தது, வெறுப்பும் அதன் பாட்டுக்கு வளர்ந்தது.

ஆனால் அவளை எரித்தது ஊர் அல்ல, லிங்கதுரைதான். அவர் மடங்காத காலை நீட்டிக்கொண்டு பாய்லர் பக்கத்து உயர ஸ்டூலில் உட்கார்ந்து டீ ஆற்றுவார், பெஞ்சில் யாராவது அந்த ஃபைனலை எடுத்தால் போதும், “அவன் தூக்குனது சரிதான். நாந்தான் முந்திக் குதிச்சுட்டேன்” என்பார். முப்பத்துநாலு வருஷமாக அதையே சொல்கிறார், தூக்கத்தில் காலை வெட்டி இழுத்துக்கொண்டு விழித்தாலும் அதையேதான் சொல்கிறார். வாத்தியார் ஊர் திரும்பிய பிறகு லிங்கதுரை இப்படிச் சொன்ன நாட்களில்தான் அவர் அதிகமாக வளர்ந்தார் என்பதைச் சூசையின் டேப் காட்டியது.

“நான் கண்ணால பாத்தேன். வேணும்னே ஒட்டிப் போட்டாவ” என்று அவள் எத்தனையோ தரம் அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

“எனக்காவச் சொல்லுத புஷ்பம்” என்பார் அவர். “குதிச்சவன் நானு. எனக்குத் தெரியாதா? அவனே வந்து சொன்னாத்தான் உண்டு.”

பெஞ்சுக்காரர்களிடமும் ஒரு தரம் சொன்னாள். பொண்டாட்டி பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று சிரித்துவிட்டு இன்னொரு ரவுண்டு டீ சொன்னார்கள்.

புகழ்ச்சியில் ஏறுகிறவன் இகழ்ச்சியில் இறங்கித்தானே ஆக வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். வடைத் தட்டை வைக்கிற சாக்கில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, சென்னையில் கடைசி மூணு வருஷம் வாத்தியார் வெளியேதான் உக்காந்திருந்தாராமே என்றாள். மறுநாள், எதிராளி உயரமா இருந்தா கை உதறுமாமே என்றாள். அதற்கு மறுநாள், பின்பக்கத் தூக்கு அவருக்கு வராதாமே என்றாள். போட்டது பிடித்துக்கொண்டது. ஐகோர்ட்துரை ஆமாம் என்றார், கொம்பையா பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்தார், யார் சொன்னது, எந்த மேட்சில், எந்தச் செட்டில் என்று கிளாஸ்கள் உருண்டு, வாய்த்தகராறாகி, கடை சாத்துகிற நேரம் தாண்டியும் பேசினார்கள். அவள் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனாள். விடிந்து பார்த்தால் வாத்தியார் ஒன்றரை இஞ்ச் கூடியிருந்தார்.

வசவு போதவில்லை போலிருக்கிறது என்று கூட்டினாள். அவர் பத்தடியானார். இன்னும் கூட்டினாள். பதினோரடியில், கடை வாசலில் நின்றாலே கூரைக்கு மேலே அவர் தலை நகர்ந்து போவது தெரிந்தது, அவர் குனிந்து, “என்ன லிங்கதுரை, சுகந்தானா” என்று மேலேயிருந்து கேட்டார், லிங்கதுரை அண்ணாந்து கும்பிட்டார். அன்றைக்கு அவள் எண்ணெய்ச் சட்டியில் வடையைக் கருகவிட்டாள்.

வழி தெரிந்தது ஒரு சாவில். லிங்கதுரையின் பெரியம்மா தவறிப்போக, துஷ்டிக்காக நாலு நாள் கடை பூட்டிக் கிடந்தது. பெஞ்சு இல்லை, கிளாஸ் இல்லை, பட்டாணி இல்லை. ஐந்தாம் நாள் கடை திறந்தபோது கூரைக்கு மேலே தலை தெரியவில்லை. வாத்தியார் ஒரு சாண் இறங்கியிருந்தார். தங்கபுஷ்பம் கையில் பிடித்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஆக இவனுக்கு நல்ல பேச்சும் ஒன்றுதான், கெட்ட பேச்சும் ஒன்றுதான். பேச்சு இருந்தால் போதும், தின்று வளர்வான். இத்தனை மாதமும் அவனை ஊட்டி வளர்த்தவள் தானேதான் என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. இனிமேல் பார், உன்னைப் பட்டினி போடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பேசாதீர்கள் என்று போர்டு வைத்தால் அதைப் பற்றியே பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அந்த ஊரில்தானே பிறந்தாள். ஆகவே வேறு வேலை செய்தாள். சாயங்காலம் பட்டாணி உருண்டு செட்டர் கிளாஸைத் தொட்டதும், மார்க் போட வாய் திறக்கிற நேரம் பார்த்து, அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள்.

“யக்கா, அது செட்டர்” என்றார் சூசை.

“கழுவணும். கிளாஸ் பத்தல” என்றாள். “பந்துதான் மேல போயாச்சே. அடிச்சது யாரு?”

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தக் கேள்வியை அந்தப் பெஞ்சில் யாரும் கேட்டதே கிடையாது. கொம்பையா மோவாயைச் சொறிந்தார். ஐகோர்ட்துரை கண்ணை மூடினார். “அது… நம்ம சுடலைக்கண்ணுல்லா” என்றார் கடைசியில். “இடது கையால அடிப்பான். பனையேறி மகன்.” பட்டாணி செட்டர் இடத்தைத் தாண்டி முதல் தரமாக உருண்டது. சுடலைக்கண்ணு கிளாஸைத் தொட்டு, பேப்பர் நெட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் விழுந்தது. மூவருக்கும் உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷமாகப் பாதியிலேயே நின்றுபோன பந்துகள் எல்லாம் அன்றையிலிருந்துதான் கீழே இறங்க ஆரம்பித்தன.

அப்புறம் அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, கிளாஸை எடுத்துக்கொண்டே இருந்தாள், அடிச்சது யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சுடலைக்கண்ணு வந்தான், கடலில் போனவன் வந்தான், வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவன் வந்தான், செத்தவன், ஊரைவிட்டு ஓடிப்போனவன், பெயரே மறந்துபோய் ‘அந்தச் செம்பட்டைத் தலையன்’ என்று மட்டும் மிஞ்சியவன் எல்லோரும் கிளாஸ் கிளாஸாகப் பெஞ்சுக்கு வந்து எம்பி அடித்துவிட்டுப் போனார்கள். வாத்தியார் ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை குறைந்தார்.

ஊர் அதையும் அலட்டாமல் ஏற்றுக்கொண்டது. ஏறினது இறங்கும்தானே என்றார்கள். லைன்மேன் வந்து கம்பியைப் பழையபடி தளர்த்தினார், சூசை பிரித்த மடிப்புகளை மடித்துத் தைத்தார், டாக்டரம்மா இரும்பு மாத்திரையை நிறுத்தினார். பழைய உயரத்துக்கு வந்த நாளன்று வாத்தியார் தாமே கடைக்கு வந்து, பேப்பர் கத்தரிப்புகள் ஒட்டிய ஆல்பத்தைப் பெஞ்சில் விரித்து வைத்தார். அவர்களும் ஆசையாகக் குனிந்துதான் பார்த்தார்கள். எல்லாப் படத்திலும் நடுவில் ஒருவன் காற்றில் நின்று அடித்துக்கொண்டிருந்தான். வாத்தியார் ஓரத்தில் முதுகு காட்டி நின்றார்.

“இந்தா, இது அந்தச் செம்பட்டைத் தலையன்லா” என்று கொம்பையா விரலை வைத்தார், ஆல்பம் கை மாறிக் கை மாறிப் போனது, வாத்தியார் தம் டீயை ஒருவரும் பாராமல் குடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் ஒரேயடியாக இறங்கி நாலரை அடி. அடுத்த மாதம் ரூபாவதி அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள், கண்டக்டர் அரை டிக்கெட் கூடக் கேட்கவில்லை. ஒரு சாணுக்கு வந்தபோது மட்டும் இறங்குவது நின்றது. ஏன் நின்றது என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற அவள் புருஷன், யாரும் கேட்காமலே, இரண்டு நாளைக்கு ஒரு தரம், “எப்படியும் நல்ல செட்டர்தான். நாந்தான் முந்திக் குதிச்சுட்டேன்” என்று டீ ஆற்றியபடி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல்லைத் தின்று அவன் ஒரு சாண் நின்றான்.

ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு, லிங்கதுரை வீட்டில் கண்ணயர்ந்திருந்த நேரம், ரூபாவதி ஒயர் கூடையோடு கடைக்கு வந்தாள். கூடைக்குள் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

“மைனி, நான் ராப்பகலா இவுகளப் பத்தியேதான் பேசுதேன்” என்றாள் ரூபாவதி. “வீட்டாளு பேச்சு ஒரு நூலுகூட ஏத்த மாட்டங்கு. மேட்ச் பாத்தவங்க பேசணும். நீங்க திட்டவாவது செய்யுங்களேன்.”

தங்கபுஷ்பம் மாவைப் பிசைந்துகொண்டே கூடைக்குள் பார்த்தாள். அந்த விரல்கள் இப்போது தீக்குச்சி கனம்தான் இருந்தன. பாவம் என்று ஒரு நொடி தோன்றியது, புருஷனின் முட்டி உடைந்த சத்தம் காதில் வந்தது, பாவம் போய்விட்டது.

“திட்ட மாட்டேன்” என்றாள்.

“நான் ஒத்துக்கிடுதேன் புஷ்பம்” என்றது கூடைக்குள்ளிருந்து ஒரு குரல். “அந்த ஃபைனல். நீ கம்பத்தடியில நின்னு என் கையவே பாத்தது எனக்குத் தெரியும். வேணும்னேதான் ஒட்டிப் போட்டேன். சொல்லிருதேன்.”

அவளுக்குக் கை நின்றுவிட்டது. முப்பத்துநாலு வருஷம் காத்திருந்த சொல். “அவுகள எழுப்பிக் கூட்டிட்டு வாரேன்” என்றாள். “அவுக காதுல மட்டும் சொல்லுங்க. போதும். உங்கள நான் மன்னிச்சிருதேன். நாளையிலேருந்து உங்க கிளாஸ எடுக்கவும் மாட்டேன்.”

வாத்தியார் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“தனியாச் சொல்லி என்ன பிரயோசனம்? பெஞ்சுல எல்லாரும் இருக்கும்போது சொல்லுதேன். சபையில சொன்னாத்தான மதிப்பு.”

தங்கபுஷ்பத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சபையில் சொன்னால் ஊர் ஒரு வருஷத்துக்கு வேறு பேசாது. செய்தது துரோகம் என்று பாதிப் பேர் பேசுவார்கள், ஒத்துக்கிட்டார் பாத்தியா, அதுதான்டா பெரிய மனுஷன் என்று மீதிப் பேர் பேசுவார்கள், விடிவதற்குள் கூரைக்கு மேலே தலை தெரியும், லிங்கதுரை அண்ணாந்து அதற்கும் ஒரு கும்பிடு போடுவார். இவனுக்கு மனசு உறுத்தவில்லை, பசிக்கிறது, அவ்வளவுதான். மனுஷன் ஒரு சாணுக்குச் சுருங்கியும் குணம் சுருங்கவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

“சரி. சாயங்காலம் வாங்க” என்றாள். “எந்த மேட்ச் போடணும்னு நான் சொல்லிக்கிடுதேன்.”

அன்றைக்கு ஐந்து மணிக்கு அவள் பெஞ்சில் பேப்பரைத் தானே மடித்து நிறுத்தினாள். அந்த ஃபைனலை ஆடுங்கள் என்றாள். அடித்தவர்கள் எல்லோரும் வந்தாயிற்று, லிங்கதுரை கிளாஸ் மட்டும் பெஞ்சுக்கு வரவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. வெட்கப்பட்டார்கள், வெட்கத்தை மறைக்கச் சத்தம் போட்டார்கள். முதல் செட்டில் லிங்கதுரை அடித்த எட்டு அடியையும் ஒவ்வொன்றாக உருட்டினார்கள். செய்தி போய்ப் பெஞ்சைச் சுற்றி நாற்பது பேர் கூடிவிட்டார்கள், பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை என்று கொம்பையா பாயின்ட் பாயின்ட்டாக உரக்கக் கத்தினார், ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் ஓவென்றது. ஸ்டூலில் இருந்த லிங்கதுரைக்குக் காது சிவந்தது.

ரூபாவதி கூடையோடு வந்தாள். தங்கபுஷ்பம் அதை மரியாதையாக வாங்கி, பெஞ்சுக்குக் கொண்டுபோகாமல், டீ ஆற்றுகிற மேடையில், சர்க்கரை டப்பாவுக்கும் லிங்கதுரைக்கும் நடுவில் வைத்தாள். “இங்கிருந்து சொன்னாத்தான் எல்லாருக்கும் கேக்கும். உயரமான இடம்” என்றாள். வாத்தியார் சர்க்கரை டப்பாவின் மூடி மேல் ஏறி நின்றார். கைகளைத் தூக்கிச் சபையைக் கும்பிட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தம் பலமெல்லாம் கூட்டிச் சொன்னார்.

“லிங்கதுரை முந்திக் குதிக்கல. அவன் சரியாத்தான் குதிச்சான். கம்பெனிக்காரங்க அவனக் கூட்டிட்டுப் போயிரக்கூடாதுன்னு நாந்தான் பந்த நெட்டோட ஒட்டித் தள்ளுனேன். தெரிஞ்சே தள்ளுனேன். அவன் கால உடைச்சது நான்.”

பெஞ்சில் அப்போது மூன்றாவது செட்டின் கடைசிப் பாயின்ட் விழுந்தது. நாற்பது பேர் போட்ட சத்தத்தில் மேடையிலிருந்து வந்த குரல் இரண்டு சாண் தூரம்தான் போயிற்று. அந்த இரண்டு சாணுக்குள் இருந்தவர்கள் லிங்கதுரையும் தங்கபுஷ்பமும் ரூபாவதியும் மட்டும்.

லிங்கதுரை மேலே தூக்கிய குவளையிலிருந்து டீ இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பிடித்திருந்த கிளாஸ் நிறைந்து, வழிந்து, கை சுட்டு, மேடையெல்லாம் ஓடிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. குவளை காலியானதும் இரண்டையும் கீழே வைத்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். அந்தக் கால் முந்திக் குதிக்கவில்லை என்று முப்பத்துநாலு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்ட மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று தங்கபுஷ்பம் பார்த்தாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அதில் சந்தோஷம் இல்லை. அவள் அதுவரைக்கும் அந்த முகத்தில் பார்த்திராத ஒன்று இருந்தது, அவளுக்கு அது நன்றாக அடையாளம் தெரிந்தது, ஏனென்றால் அது அவளுடையது.

வாத்தியார் சபை திரும்பிப் பார்க்கவில்லையே என்று தவித்து, “லிங்கதுரை, நீ சொன்னா கேப்பாவ. என்னக் காட்டு. ஒரு வார்த்த சொல்லு” என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

டீ வராததால் கொம்பையா திரும்பிப் பார்த்தார். அவர் திரும்ப, மற்றவர்களும் திரும்ப, கடை முழுக்க அமைதியானது. இப்போது ஒரு சொல் சொன்னால் நாற்பது பேருக்கும் கேட்கும்.

“என்ன அண்ணாச்சி, அங்க யாரோ பேசுத மாரி இருக்கு?” என்றார் கொம்பையா. “யாரு அது?”

லிங்கதுரை சட்டைக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். மேடைத் துணியை எடுத்து, சிந்திய டீயைத் துடைத்தார்.

“ஒருத்தரும் இல்ல” என்றார். “நீங்க ஆடுங்க.”

கூட்டம் பெஞ்சுக்குத் திரும்பியது. தங்கபுஷ்பத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது, அதில் பொய் சொல்வானேன், அடிவயிறு வரைக்கும் குளிர்ந்தது. ரூபாவதி வாத்தியாரை எடுத்துக் கூடைக்குள் உட்கார வைத்து, துண்டால் மூடி, பிடியைப் பிடித்துத் தூக்கினாள். கனம் இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதால், கூடை அவள் தோள் உயரத்துக்குப் போய்விட்டது.